மூக்கனின் இருபத்து நான்கு யுத்தங்கள்

ஜனவரி 8

அக்காவுக்கு,

இது நலம் விசாரிக்கும் கடிதம் இல்லை. ஒரு காரியமாக எழுதுகிறேன்.

அம்மாவின் வீட்டைக் காலி செய்த அன்று எல்லாவற்றையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம். நாம் சின்ன வயதில் சேர்த்த யுத்த காமிக்ஸ் கட்டை நான்தான் பிரித்தேன். உங்கள் முகத்தைப் பார்த்துப் பேச அன்று எனக்கு விருப்பமில்லை. அதனால் ஒற்றைப்படை எண் உள்ள புத்தகங்கள் எனக்கு, இரட்டைப்படை உங்களுக்கு என்று மாமாவிடம் சொல்லியனுப்பினேன். ஆளுக்கு இருபத்து நான்கு.

ஒன்பது வருஷம் கழித்துப் போன வாரம்தான் கட்டை அவிழ்த்தேன். ஒவ்வொரு யுத்தமும் இரண்டு புத்தகமாக வந்தது என்பதை அன்றைய கோபத்தில் மறந்திருக்கிறேன். இப்போது என்னிடம் இருபத்து நான்கு யுத்தங்களின் தொடக்கம் மட்டும் இருக்கிறது. யானைப்படை ஆற்றங்கரையில் வந்து நிற்கிறது. கோட்டைக் கதவை மரத்தால் இடிக்கிறார்கள். கப்பல்கள் பீரங்கியைத் திருப்புகின்றன. பாலைவனத்தில் டாங்கிகள் வரிசை கட்டுகின்றன. ஒன்றுகூட முடியவில்லை. முடிவெல்லாம் உங்களிடம் இருக்கிறது.

அவற்றைப் பார்சலில் அனுப்பி வையுங்கள். வாசித்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறேன். அடுத்த மாதம் கண்ணில் ஆபரேஷன். அதற்கு முன்னால் வாசித்துவிட வேண்டும்.

போன் செய்ய வேண்டாம்.

தம்பி

*

ஜனவரி 14

என் தம்பிக்கு,

‘உங்கள்’, ‘உங்களிடம்’, ‘அனுப்பி வையுங்கள்’. உனக்கு டவுசர் பட்டன் போட்டுவிட்டவளுக்கு எதற்கடா இத்தனை மரியாதை? திட்டுவதாக இருந்தாலும் ‘நீ’ போட்டே திட்டு. அது எனக்குப் பழகிய திட்டு.

உன் கடிதத்தைப் பல் லேபுக்கு எடுத்துப்போய் நாலு தடவை படித்தேன். அந்தக் கவனத்தில் ஒரு பெரியவருக்குச் செய்த பல் செட்டில் ஒரு பல் கூடுதலாக வைத்துவிட்டேன். “மனுஷனுக்கு முப்பத்திரண்டு போதும்மா”ன்னு சூப்பர்வைசர் சிரிக்கிறார். ஒன்பது வருஷமாக ஒரு வரி இல்லை, வந்த வரியில் கண் ஆபரேஷன் என்று பாதி வாக்கியம். எந்தக் கண்? என்ன ஆயிற்று? யார் கூட இருக்கிறார்கள்? கல்யாணமும் வேண்டாம் என்று தனியாக உட்கார்ந்திருப்பவனுக்குச் சோறு போட யார் இருக்கிறார்கள்?

மூக்கனை நீ மறந்திருக்க மாட்டாய். அந்தப் படம் வரைந்தவருக்கு ஒரே ஒரு முகம்தான் நன்றாக வரும்போல. எந்தக் காலத்து யுத்தம் ஆனாலும் அதே பெரிய மூக்கோடு ஒரு சாதாரணச் சிப்பாய் மூலையில் நிற்பான். யானை யுத்தத்தில் பாகன், கப்பலில் பீரங்கிக்குக் குண்டு தூக்குகிறவன், பதுங்குகுழியில் முள்கம்பி வெட்டுகிறவன். “இவனுக்கு எத்தனை வயசுக்கா?” என்று கேட்டாய். “இது அவன் பேரன்டா, அந்த வீட்டில மூக்குதான் குடும்பச் சொத்து”ன்னு சொன்னேன். நீயும் நம்பினாய்.

புத்தக விஷயத்தில் ஒரு சங்கடம். இரண்டு வருஷம் முன்னால் எங்கள் வீட்டுக் கூரை ஒழுகி, பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது. நன்றாக இருப்பவை மூன்றுதான். கோட்டை முற்றுகை, பனிமலை யுத்தம், அப்புறம் பாராசூட் மரத்தில் மாட்டி யுத்தம் முடியும்வரை மூக்கன் தொங்கிக்கொண்டே இருப்பானே, அது. மூன்றையும் அனுப்பியிருக்கிறேன்.

ஆபரேஷன் தேதியை எழுது. வீட்டில் மாமாவும் விசாரித்தார்.

அக்கா

*

ஜனவரி 20

அக்கா,

பார்சல் வந்தது. மழைத் தண்ணீருக்கு நல்ல புத்தி இருக்கிறது. இருபத்து நான்கில் மூக்கன் உயிரோடு தப்பித்த மூன்று புத்தகங்களாகப் பார்த்து விட்டுவைத்திருக்கிறது.

கண்ணைப் பற்றிக் கேட்டாய். வலது கண்ணில் வருஷங்களுக்கு முன்னாலேயே லிஃப்ட் கம்பியின் ஒரு இழை தெறித்து அடித்துவிட்டது. அதில் வெளிச்சம் மட்டும்தான் தெரியும். இத்தனை நாளும் இடது கண்ணால்தான் வேலை பார்த்தேன். போன அக்டோபரில் ஒரு பதினாலு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் மாட்டும் வேலை. லிஃப்ட் ஏறி இறங்கும் தண்டவாளம் ஒன்பதாவது மாடியில் வளைந்திருக்கிறது என்றேன். கூட வேலை செய்கிறவர்கள் நேராக இருக்கிறது என்றார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “இருபத்தெட்டு வருஷமா நான் பார்க்காத ரெயிலா? கழட்டுங்கடா”ன்னு கத்தி, இரண்டு துண்டுகளைக் கழற்ற வைத்தேன். கடைசியில் தூக்குக்குண்டு கட்டி நூலைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். நூலும் அதே இடத்தில் வளைந்திருந்தது. தொங்குகிற நூல் வளையாது, அக்கா. வளைந்தது நான்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

இடது கண் விழித்திரையின் நடுவில் ஓட்டையாம். ஓரம் எல்லாம் தெரிகிறது, நேராகப் பார்க்கும் இடம் மட்டும் இல்லை. மூக்கனைப் பார்த்தால் தலைக்கவசம் தெரிகிறது, காது தெரிகிறது, மூக்கைக் காணவில்லை. ஆபரேஷன் பிப்ரவரி 12. சரியாகலாம், ஆகாமலும் போகலாம். அதனால்தான் இப்போதே, ஓரக்கண்ணால் ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்தாவது, அந்த முடிவுகளை நானே வாசித்துவிட நினைத்தேன். அதற்கும் நீ கூரை ஒழுகும் கதை சொல்கிறாய்.

போன் ஏன் வேண்டாம் என்று உனக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் எழுதிவிடுகிறேன். நான் கடல் தாண்டி அறுபது மாடி டவரில் வேலையில் இருந்தேன். அம்மா கடைசியாகப் படுத்த பதினோரு நாளில் மூன்று தடவை போன் செய்து அம்மாவிடம் கொடு என்று கேட்டேன். மூன்று தடவையும் “தூங்குறாங்கடா” என்றாய். உன் குரலில் ஒரு நடுக்கம் இல்லை. நானும் மடையன் மாதிரி “சரி, எழுப்பாதே, தூங்கட்டும்”னு சொன்னேன். மூன்று தடவையும் சொன்னேன். நான் வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

உன் குரல் கேட்டால் நான் இன்றைக்கும் நம்பிவிடுவேன். அதனால்தான் போன் வேண்டாம் என்கிறேன்.

தம்பி

*

ஜனவரி 27

தம்பி,

கூரை ஒழுகவில்லை. பெட்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. இருபத்தொரு புத்தகமும் பத்திரமாக இருக்கின்றன. இந்தக் கடிதத்தோடு கட்டி அனுப்பியிருக்கிறேன். கட்டும்போது மாமா பக்கத்தில் நின்றுகொண்டு, “உண்மையச் சொல்றதுக்கு ஒன்பது வருஷமும் ரெண்டு பொய்யும் ஆச்சு உனக்கு”ன்னார். அவர் சொன்னது நியாயம்தான்.

ஆனால் ஒன்று எனக்குப் புரியவில்லை. மூக்கன் தப்பித்தது மூன்றில் மட்டும்தான் என்று உனக்கு எப்படித் தெரியும்? நான் உனக்கு வாசித்துக் காட்டியதில் அவன் இருபத்து நான்கிலும் பிழைத்தவன் ஆயிற்றே.

உனக்கு அப்போது ஏழு வயது. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுகிறது என்று அழுவாய். பள்ளிக்கூடத்தில் மக்கு என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் பேச்சுப் பலூனுக்குள் இருப்பதை வாசிப்பேன், நீ படம் பார்ப்பாய். அப்படித்தான் நம் வாசிப்பு. யானை யுத்தத்தின் கடைசிப் பக்கத்தில் மூக்கன் போர்வைக்கு அடியில் கிடந்தான். ‘அவன் எழவில்லை’ என்று அச்சாகியிருந்தது. உனக்குக் காய்ச்சல் அன்றைக்கு. உன் உடம்பு என் மேல் சாய்ந்து கொதித்தது. “களைத்துப்போய்த் தூங்கினான், விடிந்ததும் வீட்டுக்குப் போனான்” என்று வாசித்துவிட்டேன். நீயும் தூங்கிவிட்டாய். அதற்கப்புறம் எல்லா யுத்தத்திலும் அவனைத் தூங்க வைத்தே தீர வேண்டியதாகிவிட்டது. பதினோரு வயதில் உனக்கு வாசிக்க வந்தது. வீடே சந்தோஷப்பட்டது. நான் மட்டும் பயந்துபோய், கரையான் வந்துவிட்டது என்று சொல்லிக் கட்டைத் தூக்கிப் பரணில் போட்டேன். பூட்டும் போட்டேன்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். நீ தாங்க மாட்டாய் என்றுதான் சொல்லவில்லை என்று இத்தனை வருஷமாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி பொய். இரண்டாவது நாளே டாக்டர் சொல்லிவிட்டார். “அவனை வரச் சொல்லு”ன்னு மாமாவும் சொன்னார். போனை எடுத்ததும் உன் குரல் கேட்டது. உன்னிடம் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று தோன்றியது. நான் வாசிக்கிறபடி முடிவு மாறிவிடும் என்று, நாற்பத்தைந்து வயதில், கழுதை மாதிரி நம்பிக்கொண்டிருந்தேன். உன்னை வைத்து என்னை ஏமாற்றிக்கொண்டேன். அதில் உனக்கு அம்மா கிடைக்காமல் போய்விட்டார்.

மன்னித்துவிடு என்று எழுத எனக்கு வாய் இல்லை. தப்பு என்னுடையதுதான் என்று எழுதுகிறேன்.

அக்கா

*

பிப்ரவரி 3

அக்கா,

இருபத்தொன்றும் வந்து சேர்ந்தன. மேஜை மேல் ஒற்றையும் இரட்டையுமாகச் சேர்த்து அடுக்கி வைத்திருக்கிறேன்.

எப்படித் தெரியும் என்று கேட்டாய். எனக்கு எழுத்துதான் தெரியாது. கண் நன்றாக இருந்தது. நீ பலூனைப் பார்த்துக்கொண்டிருந்தாய், நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போர்வையை முகம் வரைக்கும் இழுத்து மூடியிருந்தார்கள். அந்த மூக்குக்கு எந்தப் போர்வை போதும்? நடுவில் மேடாக நின்றது. தூங்குகிறவன் முகத்தை யாரும் அப்படி மூட மாட்டார்கள் என்று ஏழு வயதுக்குத் தெரியும். யானை மண்டியிட்டு அழுதுகொண்டு வேறு இருந்தது. நீ வாசித்துக்கொண்டே போகும்போது உன் தொண்டை ஏறி இறங்கியது. பாவம், அக்காவால் தாங்க முடியவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். நான் நம்பினதாகவே நீ வைத்துக்கொள்ள வேண்டும் என்று உடனே கண்ணை மூடிக்கொண்டேன். இருபத்தொரு தடவையும் அப்படித்தான்.

வளர்ந்த பிறகு யோசித்திருக்கிறேன். மூக்கனுக்கு நீ சொன்ன பொய்யில் எனக்குக் கோபமே வந்ததில்லை. படம் என் கையில் இருந்தது. நீ என்ன வாசித்தாலும் நடந்தது என்ன என்று எனக்குத் தெரியும். அம்மா விஷயத்தில் எனக்குப் படம் கிடைக்கவில்லை, அக்கா. நீ வாசித்தது மட்டும்தான் கிடைத்தது. ஒன்பது வருஷமாக என் கோபம் அதுதான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

உன் போன கடிதத்தை வாசிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. ‘கழுதை மாதிரி’ என்ற இடத்தில் சிரித்தேன். அப்புறம் கொஞ்ச நேரம் வாசிக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்ததும் கண்ணுக்குள் காற்றுக் குமிழ் ஒன்றை வைப்பார்கள். அது ஓட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்வதற்காக ஒரு வாரம் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும். சாப்பிடுவது, பேசுவது எல்லாம் தரையைப் பார்த்துத்தான். கூட வேலை பார்க்கிறவர் ஒருவர் வந்து இருக்கிறேன் என்கிறார். நல்ல மனுஷன், ஆனால் அவருக்கு வாசிக்கிற வழக்கம் இல்லை. எனக்கு மிச்சம் இருப்பது இருபத்தொரு முடிவு. ஓரக்கண்ணால் எழுத்து எழுத்தாகப் பிடித்து ஆபரேஷனுக்குள் முடியாது.

நீ வா. இரண்டு நிபந்தனை. புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி வாசிக்க வேண்டும். டாக்டர் என்னைப் பற்றி என்ன சொன்னாலும் அதை வாயால் சொல்லாமல் எழுதி வைக்க வேண்டும். பெரிய எழுத்தில். என் கண் எப்போது அதை வாசிக்கிறதோ அப்போது நான் தெரிந்துகொள்கிறேன்.

பல் செட்டில் கூடுதல் பல் வைத்த கதையை வேலை செய்யும் இடத்தில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

தம்பி

*

பிப்ரவரி 19

தம்பி,

நீ கேட்டபடி பெரிய எழுத்தில் எழுதுகிறேன். கறுப்பு மார்க்கர் பேனா. ஒரு பக்கத்துக்கு ஏழு வரிதான் வருகிறது, அதனால் உன் நோட்டுப் புத்தகத்தில் பாதி தீர்ந்துவிட்டது. நீ அந்தப் பக்கம் தலையணைக்கு நடுவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடக்கிறாய். பேனாச் சத்தம் கேட்டு, “எவ்வளவு எழுதறே, கதையா?”ன்னு கேட்கிறாய். கதை இல்லை.

டாக்டர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஆபரேஷன் நடக்க வேண்டியபடி நடந்தது. ஓட்டை மூடிவிடும் என்று எதிர்பார்க்கிறார். குமிழ் கரைய ஐந்து வாரம் ஆகும், அதற்கு அப்புறம்தான் நிச்சயமாகத் தெரியும். மூடினாலும் பழைய பார்வை வராது. பெரிய எழுத்தை வாசிக்கலாம். நேர்க்கோடு கொஞ்சம் வளைந்தேதான் தெரியும். இனிமேல் லிஃப்ட் குழிக்குள் நீ ஏறக் கூடாது. ஒரு நாளும் கூடாது என்றார். “அதை அவன்கிட்ட இப்பவே சொல்லணுமா?”ன்னு கேட்டேன். பழக்க தோஷம். கேட்டதையும் எழுதிவிட்டேன்.

இன்னொன்றும் சொன்னார். பத்துப் பேரில் ஒருவருக்கு மூடாமலே போகலாம். இந்த வரியை எழுதுவதற்கு முன்னால் பேனாவை இரண்டு தடவை மூடி வைத்தேன். மூடாவிட்டால் ஓட்டை இன்னும் பெரிதாகி, இந்தக் கடிதத்தையே உன்னால் வாசிக்க முடியாமல் போகலாம். அப்படி ஆனால் எனக்குச் சொல்லியனுப்பு. நான் வந்து இதை உள்ளபடி வாசிக்கிறேன், ஒரு சொல் மாறாமல்.

இந்த வாரம் இருபத்து நான்கு யுத்தமும் முடித்தோம். இருபத்தொரு தடவை மூக்கனைச் சாகவிட்டு வாசித்தேன். யானை யுத்தத்தில் கடைசி வரியை மூன்று தடவை தொடங்கினேன். நீ தலையணைக்குள்ளிருந்து, “பரவாயில்லக்கா, மெதுவா வாசி”ன்னு சொன்னாய். நான் பெரியவளா, நீ பெரியவனா என்று குழம்பிப்போனேன். பதுங்குகுழி யுத்தத்தில் நீ குலுங்கினாய். அழுகிறாய் என்று பயந்து குனிந்து பார்த்தால், “இங்கேயும் போர்வை பத்தலைன்னு நினைக்கிறேன், பார்த்துச் சொல்லு”ன்னு சிரிக்கிறாய். பார்த்தேன். பத்தவில்லை. நாற்பது வருஷமாக நான் பலூனை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

கடைசி டாங்கி யுத்தத்தில் நீ கையை நீட்டி என் கால் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டாய். “இவன் ஒருத்தனை மட்டும் உன் இஷ்டப்படி தூங்க வெச்சிடு, போ”ன்னாய். நான் மாற்றவில்லை. ‘அவனை அங்கேயே புதைத்தார்கள்’ என்று இருந்ததை வாசித்தேன். நீ விரலை விடவில்லை.

அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றி நீ கேட்டதையெல்லாம் அன்றைக்கு ராத்திரியே சொல்லிவிட்டேன். படம் தர என்னிடம் இல்லை. பார்த்தது எல்லாவற்றையும் சொன்னேன். மெத்தை விரிப்பின் நிறம் கேட்டாய், வெளிர் பச்சை. மூச்சு எப்படி இருந்தது என்று கேட்டாய், அதையும் சொன்னேன். மிச்சம் வைக்கவில்லை.

நாளைக் காலை பஸ். உன் நண்பர் வந்து பார்த்துக்கொள்வார். இந்த நோட்டை டாங்கி யுத்தத்தின் இரண்டாம் புத்தகத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஒற்றை இரட்டை எல்லாம் இங்கேயே இருக்கட்டும். இனிமேல் பிரிக்க வேண்டாம்.

அக்கா

*

மார்ச் 30

அக்கா,

வாசித்துவிட்டேன்.

நான்கு நாள் ஆனது. முதல் நாள் ‘தம்பி’ என்ற சொல் மட்டும், அதுவும் பாதிதான் தெரிந்தது. நேற்று ‘பத்துப் பேரில் ஒருவருக்கு’ வரைக்கும் வந்தேன். அந்த வரியை வாசித்த பிறகு, நேராகப் பார்த்தே வாசிக்க முடிகிறதே என்று எனக்கே உறைத்தது. டாக்டரிடம் போனேன். மூடிவிட்டது என்றார்.

லிஃப்ட் குழி விஷயம் வலிக்கத்தான் செய்கிறது. வேலை செய்யும் இடத்தில் என்னைக் கீழே உட்கார வைத்து, புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடு என்கிறார்கள். நான் சொல்லி ரெயிலைக் கழற்றியவர்கள்தான் அதிகமாகச் சிரிக்கிறார்கள். ஆனால் இதை வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொள்ளாமல், உன் எழுத்தில் தெரிந்துகொண்டேன். அது எனக்குப் பெரிது.

யானை யுத்தத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். போர்வை கொஞ்சம் வளைந்திருக்கிறது. நடுவில் மூக்கு தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. நான் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பு.

தம்பி